தெரு முழுக்கச் சரி, நம் வீடு மட்டும் பாக்கி

பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். உன்னை எழுப்பவில்லை, எழுப்பினால் நேற்றைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பத்து மணிக்குச் சாக்கடைக் குழாய் அதிகாரி வருவார். தேநீர் கொடு. இணைப்புக் கட்டணத்தில் கால் பங்கைக் குறைக்கச் சொல்லி அவரிடம் பேரம் பேசியவன் நான்தான். "தெருவுல ஒரு வீடு விடாம கையெழுத்து வாங்கிக் குடுங்க, குறைக்கிறேன்" என்றார். இன்றோடு கெடு. தெருவையே வளைத்துவிட்டேன், நம் வீடு மட்டும் பாக்கி. கடன்காரர்களுக்குப் பயந்து வீட்டை உன் பேரில் எழுதிய அன்று, என்னை மிஞ்சிய கெட்டிக்காரன் இல்லை என்று நினைத்தேன்.

"இந்தக் காச குழாய்ல போட்டா நீங்க இந்த வீட்ட விட்டு நகர மாட்டீங்க. மக ஊருக்குப் போறது அவ்வளவுதான்" என்றாய். இணைப்பு இருந்தால் வீடு நல்ல விலைக்குப் போகும் என்றேன். அது உண்மை. ஆனால் விற்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. அதையும் நீ கவனித்துவிட்டாய்.

எதிர்வீட்டுத் தையற்காரர் வாசலிலேயே நிற்கிறார். "என்னண்ணே, ஊரையே மடக்கினீங்க, வீட்டுல எடுபடலையா?" என்பார். அதனால் பின்பக்கமாக நழுவுகிறேன். நீ கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் மதியம் நம் கடைக்கு வா.

மறந்துவிட்டேன்: குழாய்க்குத் தோண்டிய பள்ளம் வீட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கிறது, பலகை ஒன்றுதான். விடியுமுன்னே அதை உனக்காக முன்வாசலில் போட்டுவிட்டேன். நான் குதித்துத் தாண்டிக்கொள்கிறேன். இதில் பேரம் எதுவும் இல்லை.