பூஜ்ஜியம் காட்டிய முள்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட இப்போது பொறுமை இல்லை. உன் ஆய்வகத்திலிருந்து வந்த மருந்து வெறும் தண்ணீரா? பீப்பாய் பீப்பாயாக விட்டும் கச்சா எண்ணெயில் மெழுகு கட்டிக்கொண்டே போகிறது. எண்ணெயைச் சூடேற்றும் இடத்தில் மருந்து பம்ப் கெட்டுவிட்டதால், வெகுதூரம் தள்ளி எங்கள் நிலையத்தில்தான் ஊற்றுகிறோம். குழாயைச் சுரண்ட விட்ட இரும்பு உருளையும், அதை வெளியே எடுக்கும் கடைசிக் கதவுக்குச் சற்று முன்னால் மாட்டிக்கொண்டது.

மேலதிகாரி என்னைக் கையாலாகாதவன் என்றான். ஸ்பேனரை ஓங்கிவிட்டேன். அத்தான் மட்டும் குறுக்கே பாயாவிட்டால் அவன் மண்டை பிளந்திருக்கும். பேருக்குத்தான் நான் மேற்பார்வையாளன், உன் புருஷன் என் குழுவில் ஃபிட்டர். என்னைக் கட்டி மேய்ப்பதே அவர் வேலை. நலமாக இருக்கிறார், எழுதத்தான் சோம்பல்.

இங்கே போன் எடுக்காது. பதிலை இதைக் கொண்டுவரும் லாரிக்காரரிடமே கொடு.

உன் செல்லத் தம்பி

ஜனவரி 9

அருமைத் தம்பிக்கு,

செல்லமாம் செல்லம்! அடிதடியை நிறுத்தாவிட்டால் நானே வந்து உன் காதைத் திருகுவேன்.

மருந்து மெழுகைக் கரைக்காதுடா. எண்ணெய் ஆறும்போது உண்டாகும் மெழுகுத் துகள்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் தடுக்கும், அவ்வளவுதான். சூடாக இருக்கும்போதே அது உள்ளே போயிருக்க வேண்டும். ஆறின பிறகு கடலளவு ஊற்றினாலும் வீண். முதலில் அந்தப் பம்பைச் சரிசெய்யச் சொல். அடைத்துவிட்டதற்குக் கரைப்பான் அனுப்புகிறேன். உள்ளே செலுத்தி நன்றாக ஊறவிடு.

முக்கியமான விஷயம். அழுத்தம் காட்டும் கேஜ் முள் பூஜ்ஜியம் காட்டினால் நம்பாதே. கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயையும் மெழுகு அடைக்கும். உள்ளே அழுத்தம் குமுறிக்கொண்டிருக்கும், முள் அசையாது. அந்தச் சின்னக் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்காமல் கதவில் கை வைக்காதே. அத்தானையும் கதவுக்கு நேரே நிற்கவிடாதே.

குட்டி தன் அப்பாவுக்கு முத்தம் தந்தாள். மறக்காமல் சொல்.

பாசமுள்ள அக்கா

ஜனவரி 27

என் அன்பு அக்காவுக்கு,

நீ என் தோளில் சாய்ந்து கதறியது இன்னும் காதில் இருக்கிறது. உன்னை விட்டுவந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

நீ எழுதியதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினேன் அக்கா. எவ்வளவோ தடுத்தும் அத்தான் அவசரப்பட்டுவிட்டார். கதவு பிய்த்துக்கொண்டு பறந்தது, பின்னாலேயே உருளையும். நான் பார்த்ததை எழுத முடியவில்லை. நேற்று அந்த மேலதிகாரியின் பல்லை உடைத்தேன், அத்தானுக்காக. அப்போதும் வெறி அடங்கவில்லை.

விசாரணையில் உன்னைக் கேட்பார்கள். நான் படித்துக் காட்டியதைச் சொல்லிவிடு. குட்டிக்கு இனி நான்தான் எல்லாம்.

உன் தம்பி

பிப்ரவரி 6

குழாய்ப் பகுதி மேற்பார்வையாளருக்கு,

உங்கள் குழுவின் வெல்டர் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலிலேயே அழுதுவிட்டார்.

படித்துக் காட்டினாய், உண்மைதான். "எங்கக்கா பாடம் நடத்துறா, கேளுங்கடா"ன்னு சிரித்துக்கொண்டே படித்தாயாம். முள் பூஜ்ஜியத்தில்தான் இருக்கிறது, கதவைத் திறக்கலாம் என்றாயாம். "வேணாம் மச்சான், அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். முதல்ல கேஜைக் கழட்டுவோம்"னு அவர் சொன்னாராம். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டே முதுகெலும்பு போச்சு உங்களுக்கு. பயமா இருந்தா வீட்டுக்குப் போய் அவ மடியில படுத்துக்குங்க"ன்னாயாம். அத்தனை பேரும் சிரித்தார்களாம். அவர் உன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு கதவுக்குப் போனாராம். நீ ஒதுங்கி நின்றாயாம்.

உடல் வந்த பெட்டியைத் திறக்காதே என்று எல்லாரும் தடுத்தும் நான் திறந்தேனே. தலை இருந்த இடத்தைத் துணியால் சுற்றியிருந்தார்கள். கைகள் மட்டும் முழுசாக இருந்தன, விரலிடுக்கெல்லாம் கறுத்த மெழுகு. ஆய்வகத்துக் கரைப்பானைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். நீதான் கிண்ணத்தைப் பிடித்தாய். உன் தோளில் சாய்ந்தேன். நினைத்தால் உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

விசாரணையில் வெல்டரும் சொன்னார், நானும் சொன்னேன். "உனக்கு இருக்கறது ஒரே தம்பிதானேடி"ன்னு அம்மா மன்றாடினாள். "புருஷனும் ஒருத்தர்தாம்மா இருந்தாரு"ன்னேன்.

இந்தப் பக்கம் வராதே. வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பேன். யார் தடுத்தாலும் நிறுத்தமாட்டேன். எனக்கும் உன் ரத்தம்தானே ஓடுகிறது.

மாமா எப்போ வருவாருன்னு குட்டி கேட்டாள். எந்த மாமான்னு கேட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் இறந்த ஃபிட்டரின் மனைவி