வியர்க்கும் குழாய்

நவம்பர் 12

ஏர் ஹீட்டர் மறுபடியும் ஓட்டை. கொதிகலனை விட்டு வெளியேறும் சூடான புகை, போகிற போக்கில் அடுப்புக்கு வரும் காற்றைச் சூடாக்கிவிட்டுப் போகட்டும் என்று வைத்த குழாய்க் கூட்டம். போன வருடம்தான் மாற்றினோம். குளிர்ந்த காற்று முதலில் படும் வரிசைகள் மட்டும் விரலால் அழுத்தினாலே நொறுங்குகின்றன.

மேலாளர் சொன்னார்: "இதைச் சரி பண்ணுங்க, உங்க மாற்றல்ல கையெழுத்துப் போடறேன்." என் கணவரும் மகள் குட்டியும் இருக்கும் ஊருக்கு மாற்றல். போன வருடமும் மேலாளர் இதையேதான் சொன்னார்.

நவம்பர் 14

போனில் குட்டி. "எப்பம்மா வருவே?"

"குழாய் மாத்தினதும்."

"போன தடவையும் குழாய்தானே?"

ஏழு வயதுக்கு இவ்வளவு ஞாபகம் ஆகாது.

நவம்பர் 17

"ஆயில் எரிச்சா கந்தகம், அமிலம், சரி. நாம எரிக்கிறது கேஸ். சுத்தம். துரு எங்கேருந்தும்மா வரும்?" என்கிறார் மேலாளர்.

கேஸ் எரிந்தால் நீராவி நிறைய வரும் சார். குழாய் குளிர்ந்திருந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்க்கும். அந்த ஈரத்தில் புகை கரைந்து லேசான அமிலமாகிவிடும். சாதாரண இரும்பு தாங்காது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

"கிடங்குல இரும்புக் குழாய் தயாரா இருக்கு. ஒரு வாரத்துல முடிச்சிட்டு நீங்களும் கிளம்பலாம்."

தூண்டில் போடுகிறார். எனக்கும் கவ்வத்தான் ஆசை.

நவம்பர் 20

விடியற்காலைக் குளிரில் போய்ப் பார்த்தேன். பக்கவழிக் கதவு மூடியிருந்தது! குளிர்காலத்தில் காற்றில் ஒரு பங்கைக் குழாயில் படாமல் சுற்றி அனுப்பி, குழாய் ரொம்பக் குளிராமல் காக்கும் கதவு.

"ஏன் அண்ணே மூடினீங்க?" கொதிகலனை ஓட்டுபவர், எல்லோருக்கும் 'மீசை', சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். எந்த ஷிப்டில் புகைபோக்கிச் சூடு குறைவோ அந்த ஷிப்டுக்கு முதல் இடம். சூட்டை வீணாக்கவில்லையாம். கதவை மூடினால் காற்று முழுதும் குழாயில் பட்டு, புகை நன்றாக ஆறிவிடுமே.

"தொடர்ந்து நாங்கதான் மேடம் ஃபர்ஸ்ட்."

பலகையை வைத்தது மேலாளர். மூன்று ஷிப்டும் போட்டி போட்டுக்கொண்டு குழாயை வியர்க்க வைத்திருக்கின்றன. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

நவம்பர் 21

முடிவு செய்துவிட்டேன். கதவைத் திறந்து வைத்தாலும் கொதிகலனை மூட்டும் நேரத்தில் வியர்க்கத்தான் செய்யும். அதனால் அந்தக் குளிர்ந்த வரிசைகளுக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகு, மற்றதற்கு இரும்பே போதும். எனாமல் பூசிய இரும்புக் குழாயையும் யோசித்தேன். ஒரு கீறல் விழுந்தால் போச்சு. பலகை போக வேண்டும்.

மேலாளர் ஒத்துக்கொண்டார். ஆனால் எஃகு வர டிசம்பர் ஆகும். "குளிர்காலம் தாண்டட்டும், திறந்து பார்ப்போம். அப்புறம்தான் கையெழுத்து."

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அவரிடம் சொன்னேன். "இரும்பையே போட்டுட்டு வந்தா என்ன? அடுத்து வர்றவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்றார்.

"வர்றவளுக்கும் ஒரு குட்டி இருந்தா?" — கத்திவிட்டேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கஷ்டம்தானே, தனியாக எல்லாம் பார்க்கிறார்.

டிசம்பர் 29

எஃகு வந்தது, பொருத்தியாயிற்று. பலகையைக் கழற்றியதிலிருந்து மீசை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜனவரி 18

குட்டி போனில் பல் விழுந்த கதையைச் சொன்னாள். போனை வைத்துவிட்டாள். எப்ப வருவே என்று கேட்கவில்லை.

கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

ஜனவரி 30

இன்றும் கேட்கவில்லை. முதுகுவலி.

மார்ச் 4

திறந்தோம். மேலாளர் டார்ச் அடித்துப் பார்த்தார், கையை உள்ளே விட்டுத் தடவினார். துரு ஒட்டவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு "ம்"முக்கு ஒரு முழுக் குளிர்காலம் போயிற்று. மதியம் கையெழுத்துப் போட்டார்.

சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். தூக்கம்தான் வருகிறது.

வாசலில் மீசை நின்றிருந்தார். "போயிட்டு வாங்க மேடம். கதவை நான் பாத்துக்கறேன்."

மார்ச் 9

வீடு. குட்டி வந்து கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா திரும்பிப் போவே?"

"போகலடி, இனிமே இங்கதான்."

"சரி" என்றாள், நம்பாமல்.

பெட்டியைக் காலி செய்து பரணில் ஏற்றிவிடும்படி அவரிடம் சொன்னேன். ஏணியை நான் பிடிக்கப் போனேன். குட்டி என்னைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள், பெட்டி மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை.