நன்றாகவே நடக்கிறார்

பாளையங்கோட்டை,
நவம்பர் 9.

அன்புத் தங்கை சித்ரலேகாவுக்கு,

இன்பமணி அக்கா எழுதுவது. ஸ்தோத்திரம். நீ கோயிலுக்குப் போகிறவள் என்று தெரியும். ஆனால் எனக்குக் கடிதம் தொடங்க வேறு சொல் பழக்கமில்லை. களக்காட்டில் காற்றுக்கு வாழையெல்லாம் சாய்ந்துவிட்டதாமே, உன்னுடையது தப்பியதா? இங்கே ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது.

உன் கடிதம் கிடைத்தது. அவர் நடக்க ஆரம்பித்ததும் அனுப்பி வைக்கும்படி கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் உன்னோடு குடித்தனம் நடத்திய என் வீட்டுக்காரரை, பக்கவாதம் வந்ததும் வேனில் கொண்டுவந்து என் வாசலில் இறக்கியவளும் நீதான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

நன்றாகவே நடக்கிறார். என் மகன் ஹெப்ரான் ஜெர்மனியிலிருந்து ஒரு மெஷின் அனுப்பினான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாட்டிப் பொத்தானை அமுக்கினால் அதுவே காலைத் தூக்கி வைக்கும். போன ஞாயிறு சபையில் முன்வரிசை வரை நடந்து போனார். போதகர் ஐயர் பிரசங்கத்தை நிறுத்தி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நானும் அழுதேன்.

மாட்டப் பழக்கிவிட்ட ரீபா என்ற பிசியோதெரபிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷின் செய்யுத வேலையைக் கால் செய்யாது ஆன்ட்டி, மெஷின் பலத்தை வாரா வாரம் ஒரு படி பைய குறைச்சிட்டே வாங்க, இல்லைன்னா இருக்க சதையும் கரைஞ்சிரும் என்றாள். மொத்தம் ஐந்து படி. நான் ஐந்திலேயே வைத்திருக்கிறேன். ரீபா கல்யாணமாகிச் சென்னை போய்விட்டாள். ஹெப்ரானிடம் இரண்டுக்கு வந்துவிட்டோம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவருடைய பேன்ட்டுகளைத் தொடைப் பக்கம் இரண்டாம் முறையாகப் பிடித்துத் தைத்தேன். வந்த புதிதில் என் கையைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவார். இப்போது மெஷினைக் கழற்றினால் கட்டிலை விட்டு எழ முடியாது. களைப்பு என்று நினைக்கிறார். நானும் ஆமாம் என்கிறேன். நீ போனில் இதை அவரிடம் சொல்லலாம் என்று நினைப்பாய். போனை எடுப்பது நான்தான்.

நேற்று, கிறிஸ்துமஸ் முடியட்டும் இன்பம், களக்காட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாரேன் என்றார். அவர் வீட்டை விட்டுப் போன அன்றுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. அவர் அதைச் சொன்னபோது நான் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். தாராளமாகப் போய்ட்டு வாங்க என்றேன்.

எப்போது வேண்டுமானாலும் வந்து அழைத்துப் போ. மெஷின் இந்த வீட்டுக்கென்று வந்தது, அது இங்கேதான் இருக்கும். அதனால் தூக்க ஆள் கூட்டி வா. உன் வீட்டில் பாத்ரூம் கொல்லைப்புறம், நாலு படி இறங்க வேண்டும் என்பார். அதை மட்டும் யோசித்துக்கொள்.

உனக்கு என்ன எழுத என்று அவரிடம் கேட்டேன். நடந்தே வாரேன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

கர்த்தர் உன் கால்களுக்கு என்றும் பெலன் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
திருமதி இன்பமணி தானியேல்