ஜெயித்தது நான்

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுவது. திருப்பூரில் நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? நம்ம பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டேன். பயப்படும்படி ஒன்றுமில்லை. அந்த மூன்று பேரும் எதிரே நின்றார்கள். அவர்களுடைய வக்கீல், "தேர்தல் பகையில பலாத்காரம்னு பொய்க்கேஸ் போட்டிருக்கீங்க" என்றார்.

"பகை உண்டு சார். ஆனா வார்டு மெம்பரா ஜெயிச்சது நான். தோத்தவனுவதான் என்னைய இப்படிச் செஞ்சானுவ" என்றேன். நீதிபதி அம்மா அதை அப்படியே பதியச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மூன்று பேரையும் நேராகப் பார்த்தே பதில் சொன்னேன்.

திருப்பூருக்குத் திரும்பும்போது கோவில்பட்டியில் பஸ் நின்றது. பக்கத்தில் நம்ம புதூர் பஸ். கண்டக்டர், "ஏறுதீங்களாம்மா?" என்றார். தீர்ப்பு வரும்வரை ஊருக்குள் போவது பத்திரமில்லை என்று நம் வக்கீலம்மா சொல்லியிருக்கிறாரே. "இல்ல அண்ணாச்சி" என்றேன். அந்த பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமாதானம் பேச யார் வந்தாலும் கதவைத் திறக்காதீர்கள். இந்தப் பக்கம் ஆள் வந்தால் கம்பு மாவும் உங்கள் சட்டை ஒன்றும் கொடுத்துவிடுங்கள். பனியன் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது, போகிறேன். சட்டையைத் துவைக்க வேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள்.

உங்கள்
முத்துச்செல்வி