பாக்கெட் வைத்த முக்கோணம்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் என் தையல் மெஷினும் சுகம், மெஷினுக்கு மட்டும் வேலை அதிகமாகி லேசாக இருமல். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இல்லையென்றால் மறைக்காமல் எழுது. இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. படித்துவிட்டு அப்பாவிடம் போனில் உளறினாயோ, தொலைந்தாய்.

விஷயம் இதுதான். கோடையில் வரும் தேசிய நாளுக்கு நம் தெருவில் யார் தோரணம் கட்டுவது என்று பேச்சு வந்தபோது எதிர்வீட்டு டீச்சர், கடையில விக்கிற பிளாஸ்டிக்கே போதும், இந்தக் காலத்துல யார் உக்காந்து தைக்கிறாங்க என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, நீலமும் வெள்ளையுமாக இருநூறு முக்கோணம் நானே தைத்துத் தருகிறேன் என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். வெள்ளைக்குப் பழைய படுக்கை விரிப்புகள் இருந்தன, நீலம் அறுபதோடு தீர்ந்துவிட்டது. பழந்துணி மூட்டையைக் குடைந்தால் அடியில் அப்பாவின் பஸ் டிரைவர் யூனிஃபார்ம், சட்டையும் பேன்ட்டும். முப்பத்தோரு வருஷம் நான் தேய்த்துக் கொடுத்தது. ரிட்டையர் ஆன பிறகும் அலமாரியில் தனி ஹேங்கரில் தொங்கவிட்டிருந்தாரே, அதேதான். மனுஷனுக்கு ஒருவழியாக ஆசை விட்டுப்போச்சு போல என்று நினைத்தேன். என் கை ஒரு நிமிஷம் தயங்கியது, கத்தரிக்கோல் தயங்கவில்லை. உலோகப் பொத்தான்களை மட்டும் பிரித்து டப்பாவில் போட்டேன். சட்டைப் பாக்கெட்டைப் பிரிக்க மனசு வராமல் ஒரு முக்கோணத்தின் நடுவில் அப்படியே விட்டுவிட்டேன், நாள் தவறாமல் உனக்கு மிட்டாய் வந்த பாக்கெட் அல்லவா.

மூன்றாம் நாள் கிளம்பியது பூதம். டிப்போவிலிருந்து வந்த கடிதத்தை அப்பா என் முன்னால் ஆட்டினார். தேசிய நாள் ஊர்வலத்தில் பழைய பஸ்ஸை அவர்தான் ஓட்ட வேண்டுமாம், பழைய யூனிஃபார்மிலேயே வர வேண்டுமாம். இன்னொரு தடவை அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க அவர் எப்படி ஏங்கிக் கிடந்தார் என்று உனக்கே தெரியும். என் யூனிஃபார்ம் எங்க, அது இல்லாம நான் எப்படிப் போறது என்று அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சலவைக்குப் போட்டிருக்கிறேன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டிய மனுஷனின் முகம் வெளுத்துப் போனது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வெட்டும்போதே பார்த்தேன், பேன்ட்டின் பின்தையல் புதிதாகப் பிரிந்திருந்தது, இடுப்புக் கொக்கி பிய்ந்து தொங்கியது. கடிதத்தின் தேதியைப் பார்த்தேன், பத்து நாளுக்கு முன்பே வந்த கடிதம். ஆக, கடிதம் வந்த அன்றே ஐயா ரகசியமாகப் போட்டுப் பார்த்திருக்கிறார், தொப்பை இடம் கொடுக்கவில்லை. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மூட்டையில் திணித்து என் கத்தரிக்கு இரையாக்கிவிட்டு, பெண்டாட்டி வெட்டிவிட்டாள் என்று டிப்போவில் சொல்லித் தப்பிக்கத் திட்டம். சலவை என்றதும் பழி போட ஆள் இல்லாமல் போயிற்று. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவ்வளவு ஆசைப்பட்டவர் ஒரு கொக்கிக்காகப் போகாமலே இருந்துவிடுவாரே என்று நினைத்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

மறுநாள் மதியம் அவர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டபோது இஞ்சு டேப்பைத் தொப்பையில் சுற்றினேன். பாதியில் கண் விழித்தார், ஈ உட்கார்ந்தது என்று ஓர் அடி வைத்தேன். பழைய அளவைவிட முழுசாக ஆறு இஞ்சு கூடுதல். அதே நீலத்தில் துணி வாங்கி, தோரணம் தைப்பதாகக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாளில் தைத்து, துவைத்துத் துவைத்து டீச்சர் வீட்டு மாடியில் வெளுக்கப் போட்டு (அவளும் கூட்டுக் களவாணிதான் இப்போது), டப்பாவில் இருந்த பழைய பொத்தான்களையே வைத்தேன். சலவையிலிருந்து வந்துவிட்டது என்று நீட்டினேன். பிசாசைப் பார்த்த மாதிரி பார்த்தார். போட்டார், பொருந்தியது. கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பி, பாத்தியா, ரிட்டையராகி ஏழு வருஷம் ஆச்சு, உடம்பு ஒரு இஞ்சு கூட ஏறல என்கிறார். வாயில் குண்டூசி இருந்ததால் நான் தப்பித்தேன்.

முந்தாநாள் ஊர்வலம். பஸ் நம் தெருவுக்குள் வந்து சரியாக அந்தப் பாக்கெட் முக்கோணத்துக்கு அடியில் நின்றது. அப்பா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்தக் காலத்தில் வீட்டைத் தாண்டும்போது அடிப்பாரே, அதே மாதிரி ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, டீச்சரிடம் தூசி என்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, அந்த பாக்கெட் கோணலா இருக்கு, கொஞ்சம் நேரா வெட்டியிருக்கலாம் என்றார். அவ்வளவுதான். நானும் பின்தையலைப் பற்றிக் கேட்கவில்லை.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். போன் செய்யும்போது, அப்பா, அப்படியே இருக்கீங்க என்று மட்டும் சொல், வேறு ஒன்றும் வேண்டாம். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி. மாப்பிள்ளைக்கு இனிமேல் எது தைத்தாலும் இரண்டு இஞ்சு கூட்டியே தைப்பேன் என்று சொல்லிவை. இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் நன்றாக ஏமாற்றிக்கொண்டு, நூறு வருஷம் சிரித்து வாழ வேண்டும். நேற்றுத் தோரணத்தைக் கழற்றியதும் அந்தப் பாக்கெட் முக்கோணத்தையும் இதோடு வைத்துவிட்டேன், உனக்கு அனுப்பச் சொன்னது அப்பாதான். உள்ளே பார்க்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் பார்க்கவில்லை, பார்க்கவே இல்லை. மிட்டாய் உருகுவதற்குள் எடுத்துச் சாப்பிடு.

இப்படிக்கு,
கத்தரிக்கோலும் கையுமாக,
உன் அம்மா