எழுபத்தைந்து அங்குல டிவி

சியாயி, தைவான்
செப்டம்பர் 11

அன்பு மகள் யீ-ரோங்குக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். முதல் வரியே பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீ மூன்று ஞாயிற்றுக்கிழமையாகக் கூப்பிடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியாது. அவர் மேல் உனக்குள்ள கோபத்தை நான் தப்புச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் கடைசி வரை படித்துவிடு, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். வேறு வழி வைத்தாரா உன் அப்பா? என் கைபேசியை டிவியோடு சேர்த்துக் கோத்துவிட்டார். எனக்கு யார் எதை அனுப்பினாலும் கூடத்தில் கொய்யாப்பழம் அளவு எழுத்தில் வந்து நிற்கிறது. போன மாதம் உன் மாமி மூலத்துக்கு மருந்து கேட்டு எழுதியதை, பேஸ்பால் பார்க்க வந்த ஏழு பேரும் உரக்க வாசித்தார்கள். யாராவது கூப்பிட்டால் குளியலறை ஸ்பீக்கர் உள்பட வீடு முழுக்க மணி அடிக்கிறது. உன் செய்தி வந்தபோது நல்லவேளையாக நான் கைபேசியோடு சந்தையில் இருந்தேன். மீன்காரியின் மேசைப் பக்கம் ஒதுங்கி நின்று படித்தேன். அங்கிருந்தே இரண்டு தரம் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. செய்தி எழுதினால், உன் பதில் நான் வீட்டில் இருக்கும்போது வந்து டிவியில் நிற்கும். அதனால்தான் இப்போது சந்து முனையில் அ-ஜின்னுடைய சலூனில், தலைமுடியில் சுருள் உருளைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அ-ஜின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்க்கிறாள். பார்க்கட்டும், கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

நீ எழுதியது இவ்வளவுதான். "அப்பாகிட்ட சொன்னேம்மா, நானும் போ-ஹானும் பிரியறோம்னு. சிரிச்சுக்கிட்டே கட்டைவிரலைக் காட்டி, பழசைத் தூக்கிப் போடு, புதுசா எடு, இதுக்கெல்லாம் யோசிக்கவே கூடாதுன்னார். இனிமே நான் கூப்பிட மாட்டேன்." ஏழு வருஷம் குடித்தனம் நடத்திய மகளிடம் பெற்ற அப்பன் பேசுகிற பேச்சா இது! அன்று மீனுக்குச் செதில் உரிக்கும்போது அவரை நினைத்துக்கொண்டேதான் உரித்தேன்.

யீ-ரோங், நீ சொன்னது அவர் காதில் விழவே இல்லை. உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

அதற்கு முந்திய ஞாயிறு உன் வாஷிங் மெஷின் ஒழுகுகிறது என்று சொன்னாய் அல்லவா? அந்த வாரம் முழுக்க இந்த மனுஷன் நீ இருக்கிற நெதர்லாந்தில் என்னென்ன மெஷின் கிடைக்கிறது என்று தேடினார். வான்கோழிச் சோறு முன்னால் ஆறிக் கிடக்கிறது, இவர் எந்த மெஷின் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று எழுதிக்கொண்டிருக்கிறார். ஒன்பது மெஷினைப் பட்டியல் போட்டு மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உனக்காகக் காத்திருந்தார். நீ வாயைத் திறந்ததும் மெஷின் பேச்சுத்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

இத்தனை நாள் உனக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று என்னைக் கேட்காதே. முப்பத்து நாலு வருஷமாக நான் சொல்வது எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனுஷனுக்குக் காது கேட்கவில்லை என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? டிவியை அலறவிட்டார். புது ஸ்பீக்கர் வாங்கிய திமிர் என்று நினைத்தேன். சனிக்கிழமைக் கரவோகேப் பாட்டில் சுருதி ஒரு பக்கம் போக, இவர் ஒரு பக்கம் போனார். சந்துத் தலைவர் என்ற மரியாதைக்குப் பதினோரு வீட்டுக்காரர்களும் கைதட்டினார்கள். தொலைபேசி ஆபீசில் இருந்தவரைக்கும் ஒழுங்காக இருந்த ஆள்தான். வேலையை விட்டு வந்த நாளிலிருந்து இந்தச் சந்தும் வீட்டிலுள்ள மின்சார ஒயர்களும்தான் அவருடைய ராஜ்யம். யார் வீட்டில் படம் தெரியவில்லை என்றாலும், யார் வீட்டில் பாட்டு இரைந்தாலும் ஸ்க்ரூ டிரைவரோடு கிளம்பிவிடுவார். நம் வீட்டில் ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்ற மட்டும் அவருக்கு நேரம் கிடைக்காது.

ஏப்ரலில் எழுபத்தைந்து அங்குலத்தில் ஒரு டிவி வந்து இறங்கியதே, அந்தக் கூத்தை உனக்குச் சொல்லவே இல்லை. வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். கூடத்தில் இடம் போதவில்லை என்று முன்னோர் படம் வைத்துக் கும்பிடுகிற மாடத்தையே இரண்டடி தள்ளி வைத்தார்! உன் தாத்தா படம் இப்போது குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதற்கு இவ்வளவு பெரிசு என்று கேட்டேன். பேஸ்பாலுக்கு என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அப்புறம் பல்பு. குப்பை வண்டி நம் சந்தை நெருங்கினால் வாசலில் சிவப்பாக மின்னுகிற பல்பை எங்கிருந்தோ வரவழைத்துப் பதினோரு வீட்டுக்கும் மாட்டினார். வண்டிதான் ஊருக்கே கேட்கப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறதே, பல்பு எதற்கு என்றேன். "முன்னேற்றம்னா உனக்கு ஆகாதே" என்றார். நானும் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பல்புதான் அவரைக் காட்டிக்கொடுத்தது. நீ கூப்பிடாதது இணைப்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு வீட்டு இணையத்தையே பிரித்துப் போட்டிருந்தார், அதனால் பல்பு எதுவும் வேலை செய்யவில்லை. நடு இலையுதிர்காலப் பண்டிகைக்குச் சந்தில் எல்லோரும் சேர்ந்து இறைச்சி சுடுவோமே, அதற்குப் பாட்டு வைக்க அ-ஜின் வீட்டுச் சுவரில் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்டிருந்தார். முக்காலியின் மேல், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். வண்டி பாட்டோடு சந்துக்குள் திரும்பிவிட்டது. எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறோம். தினமும் முதல் ஆளாக நின்று, யார் பிளாஸ்டிக்கைக் குப்பையோடு கலந்தார்கள் என்று பிடிக்கிற மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தலைவரே, வண்டி! தள்ளுங்க!" என்று அ-ஜின் கத்தினாள். டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டுத் தலையை நீட்டி, "என்னா பெரியவரே, ரோட்டை விலைக்கு வாங்கிட்டீங்களா?" என்றான். அ-ஜின்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முக்காலி வண்டிக்கு அடியில் போய்விட்டது. இவர் விழுந்து எழுந்து, எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் நம் வாசலை நிமிர்ந்து பார்த்து, "பல்பு எரியலையே!" என்றார்.

சந்து முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு பல்பும் யாருக்காக என்று அப்போதுதான் புரிந்தது.

அன்று ராத்திரியே இணையத்தைத் திரும்பப் பூட்டிவிட்டார். மறுநாள் காலையில் சோதித்துப் பார்த்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று, "ஏங்க, உங்க பெரிய ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டேன்" என்றேன். அசையவில்லை. "கரவோகே மெஷினையும் சேர்த்துக் குடுத்துட்டேன்" என்றேன். அடுத்த பூண்டை எடுத்தார். செவிடன் காதில் ஊதின சங்கு என்று எத்தனை தரம் அவரைத் திட்டியிருப்பேன்! அன்றிலிருந்து அந்த வார்த்தை என் வாயில் வரமாட்டேன் என்கிறது.

வாயால் கேட்க வெட்கமாக இருந்தது. கூடத்துக்குப் போய்க் கைபேசியில், "உங்களுக்குக் காது கேட்கலையா?" என்று எனக்கு நானே ஒரு செய்தி அனுப்பினேன். டிவி முழுக்க வந்து நின்றது. பூண்டுத் தட்டோடு வந்தவர் அதை வாசித்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "இடது பக்கம் ஒன்றரை வருஷமா இல்லை. வலது பக்கம் ஏதோ கொஞ்சம் ஓடுது" என்று, ஏதோ பழுதான ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

டாக்டரிடம் வாங்க என்றேன். மாட்டாராம். "சந்துல அத்தனை பேரும் சவுண்டுக்கு எங்கிட்டதான் வர்றாங்க. காதுல மெஷினை மாட்டிக்கிட்டு நான் யாருக்குப் போய் என்னத்தைச் சொல்ல?" என்கிறார். உலகத்தில் உள்ள மெஷினையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டிய மனுஷனுக்கு, சுண்டைக்காய் அளவு மெஷின் ஒன்று மட்டும் வேண்டாமாம். கேட்டாயா கதையை!

அந்த ஆத்திரத்தில் டிவியையும் பேச்சில் இழுத்தேன். காது கேட்காத ஆளுக்குப் பேஸ்பாலுக்கு இத்தனை பெரிய டிவி ஒரு கேடா என்று கைபேசியில் தட்டிவிட்டேன். அதையும் வாசித்தார். "பந்து எந்த டிவியிலதான் தெரியலை? யீ-ரோங் வாய் தெரியணும்ல. அவ சின்னதுலேருந்தே படபடன்னு பேசுவா. பழைய டிவியில உதடு அசையறது பிடிபடலை" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மாடத்தைத் தள்ளி வைத்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நான்.

நீ கூப்பிடாத இந்த மூன்று வாரத்தில் கேமராவை இரண்டு தரம் மாற்றிவிட்டார். ஞாயிறு மூன்றரைக்கே நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ஆறு மணிக்கு எழுந்து, "அங்க லைன் சரியில்லை போல" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். உன்னிடம் அவர் என்ன சொல்லிவிட்டார் என்று சொல்ல நாலு தரம் வாயெடுத்தேன். முடியவில்லை. நீ பிரியப்போகிறாய் என்ற அந்த வார்த்தையைக் கொய்யாப்பழம் அளவு எழுத்தில் அந்த டிவியில் போட எனக்கு மனசு வரவில்லை. நீதான் சொல்ல வேண்டும், வேறு யார் சொன்னாலும் அவர் தாங்கமாட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிறு, உன் ஊருக்குக் காலை பத்து மணி, இங்கே சாயங்காலம் நாலு, எப்போதும்போலக் கூப்பிடு. ஜன்னலைப் பார்த்து உட்கார், முகத்தில் வெளிச்சம் விழட்டும். காப்பிக் கோப்பையை வாய்க்கு நேரே பிடிக்காதே. முடியை ஒதுக்கிக்கொள். கத்தாதே, கத்தினால் வாய் கோணிப் போய் அவருக்கு ஒன்றும் புரியாது. மெதுவாக, போ-ஹான் பெயரை முதலில் சொல்லி, அப்புறம் மற்றதைச் சொல். புரிந்ததும் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் நிற்பேன். காது மெஷினைப் பற்றியும் நீயே பேசு. புது மாடல் வந்திருக்கிறது என்று ஆரம்பித்தால் உட்கார்ந்து கேட்பார்.

போ-ஹான் விஷயத்தில் யார் பக்கம் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் எழுது.

இப்போதுதான் உன் அப்பா சலூன் வாசலில் வந்து நின்றார். யாருக்குக் கடிதம் என்று கேட்டார். யீ-ரோங்குக்கு என்று வாயசைத்துக் காட்டினேன். மேல்பையிலிருந்து அந்த மெஷின் பட்டியலை எடுத்து, இதையும் வைத்து அனுப்பு என்று கொடுத்துவிட்டுப் போகிறார். ஏழாம் நம்பரை எடுத்துக்கொள்ளச் சொன்னார், சத்தமே வராதாம். இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பழசைத் தூக்கிப் போடு என்று உனக்கு உபதேசம் செய்தவர், வாங்கிய சாமானோடு வந்த ஒரு அட்டைப் பெட்டியைக்கூடத் தூக்கிப் போட்டவர் இல்லை. அத்தனையும் உன் அறையில்தான் அடைத்து வைத்திருந்தார். புதன்கிழமையிலிருந்து தினம் நாலைந்தாகக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். அவரே மடித்துக் கட்டிக் கொடுத்தார். இப்போது உன் கட்டில் தெரிகிறது. மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்க வேண்டும் என்று மாடத்தில் ஊதுபத்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன். உன் தாத்தாவைக் கூடத்தின் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே, மகளே.

இப்படிக்கு,
அம்மா பீ-ஷியா