இடது முழங்கால்

பிப்ரவரி 3, திங்கள்

கரியாலூரில் பனி விலகவே வெகு நேரமாகிவிட்டது. பந்து தெரியாமல் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி முட்டிக்கொண்டார்கள். ஞாயிறன்று கள்ளக்குறிச்சியில் மாவட்டக் கால்பந்து இறுதி ஆட்டம். எதிர் அணிக்குப் பயிற்சியாளர் ராதிகா. அந்தப் பெயரை எழுதும்போதே பேனா அழுந்துகிறது.

பிப்ரவரி 5

பேப்பரில் எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் போட்டிருக்கிறார்கள். ராதிகா: மாநில அணியில் ஆறு வருடம், அதில் கேப்டனும். கண்ணகி: விழுப்புரம் மாவட்ட அணியில் ஒரே ஒரு பருவம். 'ஆடிய அனுபவத்தில் ராதிகாவின் கையே ஓங்கியிருக்கிறது.'

ஏன் ஒரே பருவம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாநிலத் தேர்வுக்கு முந்தைய நாள், பயிற்சி ஆட்டத்தில், பந்து போன பிறகு வந்து என் இடது முழங்காலில் உதைத்தவள் அவள். இருவருக்கும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி. நான் கட்டிலில் கிடந்தேன். அவள் சென்னைக்கு ரயில் ஏறினாள். ஒரு தடவை வந்து பார்த்தாளா?

தலைமை ஆசிரியர் வெங்கடேசன் பேப்பரை நீட்டி, "அவங்க பெரிய பிளேயரு டீச்சர். கம்மி கோல்ல தோத்தா போதும்" என்றார். சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 6

அவர்கள் பயிற்சியைப் போய்ப் பார்த்தேன். கோல் அடிப்பதெல்லாம் சந்தியா என்ற பெண். இடது முழங்காலில் கட்டு. அந்த வயதில் நான் ஓடிய மாதிரியே ஓடுகிறாள். அவள் இல்லாவிட்டால் ராதிகாவிடம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 8

சொல்லிவிட்டேன். தடுப்பாட்டம் ஆடும் எழில்மதியைத் தனியாகக் கூப்பிட்டு, "சந்தியா கட்டுப் போட்டுக்கினு வருவா பாரு, அந்தக் கால் நிக்கக் கூடாது" என்றேன்.

"பந்து இருந்தாவா மிஸ், இல்லாட்டியுமா?"

"இல்லாட்டியும்."

தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் மாற்றிச் சொல்லியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 9

ஜெயித்தோம். ஒரே கோல், பாரதி அடித்தது.

சந்தியா விழுந்தபோது வந்த சத்தம் எனக்குப் பழகிய சத்தம். எழில்மதிக்குச் சிவப்பு அட்டை. ராதிகா ஓடிப்போய் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள் — நடுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருடமாக நான் கேட்டது அதைத்தான். இனித்தது. பொய் எதுக்கு, இனிச்சுது.

பிப்ரவரி 11

ராதிகா போன் செய்தாள்.

"சந்தியாவுக்கு ஆபரேஷன். இனிமே ஆட முடியாதுங்கறாங்க. கண்ணகி, அன்னிக்கி நான் பந்தத்தான் பாத்துக்கினு வந்தேன், உன் கால பாக்கல. அப்புறம் உன் மூஞ்சியப் பாக்க தைரியம் வரல. அதுக்கு என்னை இன்னா வேணா பண்ணு. இந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சி?"

போனை வைத்துவிட்டாள்.

பாக்கலையாம். பொய். பொய்யாத்தான் இருக்கணும். இல்லன்னா நான் இன்னா பண்ணி வச்சிருக்கேன்?

பிப்ரவரி 13

ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். வார்டு வாசலில் சந்தியாவின் அம்மா. கருணாபுரத்தில் கூலி வேலை செய்கிறவர். "நீங்க யாருங்க? எம்பொண்ணுக்குத் தெரிஞ்சவங்களா?"

வார்டு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பினேன்.

பிப்ரவரி 17

எழில்மதிக்கு ஒரு ஆட்டம்தான் தடை. மண்டலப் போட்டியில் அரையிறுதியிலிருந்து ஆடலாம்.

சாயந்திரம் மற்றவர்கள் போன பிறகும் அவள் மட்டும் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"மிஸ், அரையிறுதில வர்ற டீம்ல யாரு கால்?"